துப்பறிவாளர் ஒருவர் போலிஸுக்குள் இருக்கும் கறுப்பு ஆட்டை இப்படிப் பிடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த தொடர்கதையில், சிங்கப்பூரில் ஒரு கடன்முதலைக் கும்பலை, அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் கும்பலைப் பிடிக்க போலிஸ் நடத்தும் சோதனைகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போகின்றன. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் வீடு காலி. போலிஸுக்குள்ளேயே யாரோ கும்பலுக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்கிறார்கள், அந்தக் கறுப்பு ஆடு யார் என்று தெரியவில்லை. தலைமை அதிகாரி தன் பழைய நண்பரான தனியார் துப்பறிவாளரிடம் உதவி கேட்கிறார். கும்பல் புழங்கும் மூன்று வீடுகளின் முகவரியை வாங்கிக்கொண்ட அவர், சந்தேகத்துக்குரிய மூன்று அதிகாரிகளிடம் தனித்தனியாக "நாளை சோதனை இங்கேதான்" என்று ஒருவரிடம் கேலாங், ஒருவரிடம் பிடோக், ஒருவரிடம் ஈசூன் என்று சொல்லி வைக்கிறார். அன்றிரவு பிடோக் வீடு மட்டும் காலியாகிறது. மறுநாள் காலை எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து, பிடோக் என்று கேட்ட இன்ஸ்பெக்டரை நோக்கிக் கையை நீட்டுகிறார். தலைமை அதிகாரி, "உண்மையைச் சொல்லிடு, உன் குடும்பத்தை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். இன்ஸ்பெக்டர் உடைந்துபோய், மகளின் மருத்துவச் செலவைச் சொல்லி அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். இது நம்பும்படியாக இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. கூடவே, அந்தத் துப்பறிவாளர் மேலேயே வழக்கு வராதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் முதல் கேள்விக்குள்ளேயே இரண்டு விஷயம் இருக்கிறது. அந்தப் பொறி வேலை செய்யுமா என்பது ஒன்று. அந்த அறையில் நடந்தது நடக்குமா என்பது இன்னொன்று. பொறி நிஜத்தில் நடக்கிற விஷயம்தான், அதை நான் தயங்காமல் சொல்வேன். அறைக் காட்சியை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் படிக்கிற பலர் சந்தேகப்படுவது பொறியைத்தான், அறைக் காட்சியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளில் எதிர்த்தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, வாதாடுகிற வழக்கறிஞர் நான். வாக்குமூலம், அதைப் பதிவு செய்த விதம், அதை நீதிமன்றத்தில் எப்படி உடைக்கலாம், எங்கே உடைக்கவே முடியாது, இதெல்லாம் என் அன்றாட வேலை. போலிஸ் சீருடை நான் போட்டதில்லை. ஆகவே சட்டம், சாட்சியம், குற்றம் சாட்டப்பட்டவர் நடந்துகொள்ளும் விதம் பற்றிச் சொல்வதை அழுத்திச் சொல்வேன். காவல்துறையின் உள் நடைமுறை பற்றிச் சொல்வது வெளியே நின்று பார்த்தவன் சொல்வது, அதற்குரிய எடையை மட்டும் கொடுங்கள். அந்தக் கதையையும் நான் படிக்கவில்லை, நீங்கள் தந்த சுருக்கத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

சிங்கப்பூரில் போலிஸுக்குள் கறுப்பு ஆடா என்று சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். அதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. நம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிறந்த கதையே அதுதான். 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் ஏறக்குறைய 4 லட்சம் வெள்ளி பெறுமானமுள்ள 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. கொள்ளையடித்தவர்களில் மூன்று பேர் போலிஸ் துப்பறிவாளர்கள். அப்போது ஊழலை விசாரிக்கும் பொறுப்பும் போலிஸுக்குள்ளேயே ஒரு சிறு பிரிவிடம்தான் இருந்தது. போலிஸே போலிஸை விசாரித்தால் எங்கே போய் நிற்கும் என்பது ஆங்கிலேய அரசுக்கே அந்த வழக்கில் புரிந்தது. மறு ஆண்டு, 1952இல், தனிப் பிரிவு உருவானது. இன்று அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. உங்கள் கதையின் தலைமை அதிகாரி தன் ஆட்களில் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு தகவல் தருகிறான் என்று சந்தேகப்பட்டால் போக வேண்டிய இடமும் அதுதான், இல்லையென்றால் போலிஸின் உள்விவகாரப் பிரிவு. பழைய நண்பரைத் தேடிப் போவது முதல் சறுக்கல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடைமுறையில் நீதிமன்றத்துக்கு வரும் கசிவு வழக்குகள் கதைகளில் வருவதைவிடச் சின்னவை. ஓர் அதிகாரி தெரிந்தவருக்காக ஒருவரின் பெயரைப் போலிஸ் கணினியில் தேடிப் பார்த்துச் சொல்வார், அல்லது "உன் பெயர் விசாரணையில் வந்திருக்கிறது, கவனமாக இரு" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். கும்பலின் சம்பளப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் மிக அரிது. இப்படி மாட்டுபவர்கள் மேல் பெரும்பாலும் பாய்வது கணினி முறைகேட்டுச் சட்டமும் அதிகாரத்துவ ரகசியச் சட்டமும். பணம் கைமாறியிருந்தால் ஊழல் தடுப்புச் சட்டம். கணினிச் சட்டம் ஏன் முதலில் வருகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு அது தேவைப்படும்.

சரி, பொறிக்கு வருவோம். ஆளுக்கொரு தகவல் கொடுத்து எது வெளியே போகிறது என்று பார்ப்பது உளவுத்துறைகளின் பழைய வேலை. இதற்கு நம் ஊரைத் தொட்ட உதாரணமே இருக்கிறது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'கிளென் டிஃபென்ஸ் மரீன் ஏஷியா' நிறுவனத்தின் முதலாளி லெனர்ட் ஃபிரான்சிஸ், இந்த வட்டாரத்துக்கு வரும் அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்குத் துறைமுகச் சேவைகள் செய்து கொடுத்தவர். போலி விலைப்பட்டியல்களால் அமெரிக்கக் கடற்படையைக் கோடிக்கணக்கில் ஏமாற்றியவர், அதற்காகக் கடற்படை அதிகாரிகளை விருந்து, பணம், பெண்கள் என்று கையில் போட்டுக்கொண்டவர். அவரை விசாரித்துக்கொண்டிருந்த கடற்படைக் குற்றப் புலனாய்வுப் பிரிவிலேயே அவருக்கு ஓர் ஆள் இருந்தார். ஜான் பெலிவோ என்ற அந்த அதிகாரி முன்பு சிங்கப்பூரில் பணியாற்றியவர். தனக்குச் சம்பந்தமே இல்லாத விசாரணை அறிக்கைகளைப் பிரிவின் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, யார் சாட்சி சொல்கிறார்கள், விசாரணை எந்தப் பக்கம் போகிறது என்பதை ஃபிரான்சிஸுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கசிவு இருக்கிறது என்று தெரிந்ததும் விசாரணையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரையும் அறைக்குக் கூப்பிடவில்லை. அதே தரவுத்தளத்தில், விசாரணை முடித்து வைக்கப்பட்டது என்று பொய்யான அறிக்கையைப் போட்டு வைத்தார்கள். அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபத்து நீங்கியது என்று நம்பிய ஃபிரான்சிஸ், கடற்படை உயர் அதிகாரிகளுடன் தொழில் பேசலாம் என்று சான் டியேகோவுக்கு விமானம் ஏறினார். 2013 செப்டம்பர் 16 அன்று அங்கே கைதானார். பெலிவோவும் அதே நேரத்தில் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2016இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

உங்கள் கதையின் துப்பறிவாளர் கையில் இருந்தது இதே மாதிரியான ஆயுதம். ஒரு பொய்யை உள்ளே போட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. ஆனால் அவர் அதை முதல் நாளே வெளிச்சம் போட்டுக் காட்டி வீணடித்துவிட்டார். கசியும் வழி எது என்று தெரிந்துவிட்டால், அந்த வழி உங்கள் கையில் வந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் நினைப்பதைக் கும்பலின் காதில் ஓதலாம். பிடோக் வீட்டைக் காலி செய்தவர்கள் வேறு எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று பின்தொடரலாம். பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்க்கலாம். அனுபவமுள்ள எந்த விசாரணையாளரும் மறுநாள் காலையே அதை மூடிவிட மாட்டார். அந்த அறைக் காட்சி எனக்கு ஒட்டாததற்கு இது முதல் காரணம்.

அடுத்தது பொறியின் எல்லை. அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதில்தான் வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும். இங்கிலாந்தில் கால்பந்து வீரரின் மனைவி கோலீன் ரூனி, தன் இன்ஸ்டகிராம் தகவல்கள் ஒரு நாளேட்டுக்குப் போவதைக் கவனித்தார். ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்க்கும்படி அமைத்துவிட்டு, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பொய்க்கதைகளைப் பதிவிட்டார். வீட்டின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்தது என்பது அதில் ஒன்று. அவை அச்சில் வந்தன. 2019 அக்டோபரில் அந்தக் கணக்கு இன்னொரு கால்பந்து வீரரின் மனைவியான ரெபெக்கா வார்டியுடையது என்று உலகத்துக்கே அறிவித்தார். வார்டி அவதூறு வழக்குப் போட்டார். 2022 ஜூலையில் நீதிபதி, ரூனி சொன்னது சாராம்சத்தில் உண்மை என்று தீர்ப்பளித்தார். ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் போய்ப் பார்த்தால், தகவலை நேரடியாக நாளேட்டுக்குக் கொடுத்தது வார்டியின் முகவராகவே இருக்கலாம், வார்டிக்கு அது தெரிந்தும் உடந்தையாக இருந்தார் என்பதுதான் முடிவு. பொறி காட்டியது ஒரு கணக்கை. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த கைகளைப் பிரித்துக் காட்ட ஒரு முழு நீதிமன்ற விசாரணையே தேவைப்பட்டது. அதுவும் அவர் ஒரு முறை அல்ல, பல முறை பொறி வைத்த பிறகு.

இதை உங்கள் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். பிடோக் என்று இன்ஸ்பெக்டர் காதில் மட்டும் சொன்னதாகத் துப்பறிவாளர் நினைக்கிறார். இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாரா? சோதனை என்றால் வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டும், கதவை உடைக்கும் சாமான் வேண்டும், எந்த புளோக், எத்தனை மின்தூக்கி, எத்தனை மாடிப்படி என்று யாரையாவது பார்த்து வரச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன சார்ஜண்ட், பட்டியல் போட்ட எழுத்தர், "நாளைக்கு ராத்திரி பிடோக் பக்கம் வேலை, வர லேட்டாகும்" என்று அவர் வீட்டில் சொல்லக் கேட்ட மனைவி, எல்லோரும் இப்போது அந்த வட்டத்துக்குள். அதைவிட எளிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மூன்று அதிகாரிகளும் ஒரே அலுவலகம். மத்தியானம் கோப்பிக் கடையில் ஒருவர் இன்னொருவரிடம் "நாளைக்கு ஈசூன்தானே?" என்று கேட்டால் போதும், மற்றவர் "இல்லையே, கேலாங்" என்பார், பொறி அங்கேயே முடிந்தது. கறுப்பு ஆடு அந்த மேசையில் இருந்தால் அன்றிலிருந்து வாயே திறக்க மாட்டான். இதைத் தடுக்க ஒரு காரணம் வேண்டும். இது ரகசிய நடவடிக்கை, சக அதிகாரியிடமும் பேசக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட எனக்குப் போதும்.

வீடு காலியானதற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். கும்பல்கள் தகவலாளியை மட்டும் நம்பி இருப்பதில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கைத்தொலைபேசியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருக்கும் ஒருவன், சந்து முனையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவன், இவர்கள் வேலையே புது முகம் வந்தால் மேலே சொல்வதுதான். கேலாங் பக்கத்து வழக்குகளில் இப்படிக் காவல் நிற்கும் ஆட்கள் அடிக்கடி வருவார்கள். அந்த வீட்டை முந்தின நாள் நோட்டம் பார்க்கப் போன அதிகாரியை அவன் கண்டுகொண்டிருந்தால் போதும். அல்லது கும்பலுக்காக வெளியே ஓடி வேலை செய்யும் 'ரன்னர்' எவனாவது வேறு விஷயத்தில் மாட்டி, பயத்தில் அவர்கள் இடம் மாறியிருக்கலாம். ஒரே ஒரு இரவு, ஒரே ஒரு வீடு என்பது சந்தேகத்தை வலுப்படுத்தும், அதற்கு மேல் போகாது. முகவரிகளை மாற்றிப்போட்டு இரண்டாம், மூன்றாம் முறையும் அதே ஆள் கேட்ட இடம்தான் காலியாகிறது என்றால் நானே எதிர்த்தரப்பில் இருந்தாலும் வியர்த்துப்போவேன்.

இப்படிச் சொல்வது வக்கீல் வாதம் போலத் தோன்றலாம். தவறான ஆளைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்க எஃப்.பி.ஐ.க்குள் இருந்து ரஷ்யர்களுக்கு ரகசியங்களை விற்ற ராபர்ட் ஹான்சன் 1979இல் தொடங்கியவர், பிடிபட்டது 2001 பிப்ரவரியில். இடையில் எஃப்.பி.ஐ. தேடிப்பிடித்து வைத்திருந்தது வேறொரு ஆளை. சி.ஐ.ஏ.வில் இருந்த பிரையன் கெல்லி, ரஷ்யர்களுக்கான ரகசியப் பொட்டலங்கள் மறைத்து வைத்துக் கைமாறிய பூங்கா ஒன்றின் அருகே ஓட்டப்பயிற்சி செய்பவர். அவர் கையால் வரைந்த வரைபடம் ஒன்று கிடைத்தது, இன்னும் சில பொருத்தங்களும் சேர்ந்துகொண்டன. அவருக்கு ஒரு பொறி வைத்தார்கள். வெளிநாட்டு உச்சரிப்பில் பேசும் ஒருவர் கெல்லி வீட்டுக் கதவைத் தட்டி, உன்னைக் கைது செய்யப் போகிறார்கள், இப்படித் தப்பிக்கலாம் என்று வழி சொன்னார். கெல்லி மறுநாளே போய் அதை எஃப்.பி.ஐ.யிடம் புகார் செய்தார். குற்றமற்றவன் வேறென்ன செய்வான்? ஆனால் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தவர்களுக்கு அது, எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் பார், பொறியையே மோப்பம் பிடித்துவிட்டான் என்று தோன்றியது. அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார், குடும்பத்தினரும் விசாரிக்கப்பட்டார்கள். உண்மையான ஆள் யாரென்று தெரிந்தது எந்தப் புத்திசாலித்தனமான ஊகத்தாலும் இல்லை. ரஷ்யத் தரப்பிலிருந்த ஒருவரிடம் 70 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய கோப்பில் இருந்த ஒலிநாடாவில் ஹான்சனின் குரல் இருந்தது, கூடவே வந்த பிளாஸ்டிக் பையில் அவர் கைரேகை இருந்தது. அதன் பிறகும் அவரை உடனே பிடிக்காமல், ஒரு பூங்காவில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்து கையும் களவுமாகப் பிடித்தார்கள். உங்கள் கதையின் இன்ஸ்பெக்டர் ஒரு கெல்லியாக இருந்திருந்தால்? அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் கைநீட்டிய பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது.

இனி அந்த ஒப்புதல். இதைத்தான் நான் மிக உறுதியாகச் சொல்ல முடியும். அந்த இன்ஸ்பெக்டர் யார் என்று யோசியுங்கள். வாழ்நாள் முழுக்கப் பிறரிடம் வாக்குமூலம் வாங்கியவர். எதிரே இருப்பவன் எந்த இடத்தில் உடைவான், எந்தச் சொல்லில் மாட்டிக்கொள்வான் என்பது அவருக்குக் கைவந்த வேலை. தன்னைக் குற்றவாளியாக்கும் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது சாதாரண ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியும். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் சட்டம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான், "அவங்க கையில என்ன இருக்கு?" அவர்கள் ஒப்புக்கொள்வது ஆதாரத்தைப் பார்த்த பிறகு, தண்டனை எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்ட பிறகு. ஹான்சனும் அப்படித்தான், மரண தண்டனை கேட்க மாட்டோம் என்று அரசுத் தரப்பு சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். பிடோக் வீடு காலி என்ற ஒரே செய்தியைக் கேட்டு ஒரு போலிஸ் இன்ஸ்பெக்டர் அழுது கொட்டுவார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. "மூணு பேர்கிட்ட சொன்னீங்க, அதுல நான் ஒருத்தன். அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். மனிதர்கள் சட்டென்று உடைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் பயந்து வாழ்ந்தவர்கள், பிடிபட்ட அன்றே ஒரு பாரம் இறங்கியது போல எல்லாவற்றையும் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒரு சின்ன அறையில், எதிரே ஒரே ஓர் அதிகாரி இருக்கும்போது நடப்பது, அவரும் பெரும்பாலும் அதட்டாதவராக இருப்பார். கூட வேலை செய்தவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில் மானம்தான் முதலில் வரும். அந்தக் காட்சியையே இருவர் மட்டும் இருக்கும் அறைக்கு மாற்றியிருந்தால் என் சந்தேகத்தில் பாதி போயிருக்கும்.

சரி, ஒப்புக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். அது செல்லுமா? இங்கே இந்தியக் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் குழம்புவதுண்டு. இந்தியாவில் போலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்தே அப்படித்தான், இப்போது வந்த புதிய சட்டத்திலும் அந்தக் கொள்கை தொடர்கிறது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. சார்ஜண்ட் பதவிக்குக் கீழ்ப்படாத அதிகாரியிடம் சொன்னது சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குறுதி தந்தோ வாங்கியதாக இருக்கக்கூடாது. இப்போது அந்தத் தலைமை அதிகாரியின் வசனத்தைத் திரும்பப் படியுங்கள், "உண்மையைச் சொல்லிடு, உன் குடும்பத்தை நான் பார்த்துக்கறேன்." கதையில் அது கண்ணீர் வரவழைக்கும் வரி. நீதிமன்றத்தில் அதைவிட நல்ல பிடி எனக்குக் கிடைக்காது. அதிகாரத்தில் இருப்பவர், விசாரணையில் இருப்பவரிடம், ஒப்புக்கொண்டால் இன்ன நன்மை என்று சொல்கிறார். மகள் நோயாளி, அது அவருக்கும் தெரியும். அந்த வாக்குமூலம் தானாக வந்ததல்ல என்று வாதாட நான் ஒரு நொடி யோசிக்க மாட்டேன். ஜெயிப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அரசுத் தரப்புக்கு அது தலைவலி. பொறி வைத்துப் பிடித்தார்கள் என்ற வாதம் மட்டும் இங்கே எடுபடாது, அது ஒரு தற்காப்பாகாது என்று நம் நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டன. அந்த விஷயத்தில் கதாசிரியர் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் எது அவரை மாட்டவைக்கும்? கணினிச் சட்டத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றேனே, அதற்கு இதுதான் காரணம். போலிஸ் கணினியில் யார், எப்போது, எந்தப் பெயரைத் தேடினார்கள் என்பது பதிவாகும். நியூயார்க்கில் ஸ்டீவன் கரகாப்பா, லூயிஸ் எப்போலிட்டோ என்ற இரண்டு துப்பறிவாளர்கள் மாஃபியாவுக்காக வேலை செய்தார்கள். 1986இல் கும்பல் தலைவன் ஒருவன் தேடிக்கொண்டிருந்த ஆளின் முகவரியைக் கரகாப்பா போலிஸ் கணினியில் பார்த்துக் கொடுத்தார். அது அதே பெயர்கொண்ட, எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு இளைஞனின் முகவரி. அந்த இளைஞன் கிறிஸ்துமஸ் தினத்தன்று வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தத் தேடலின் பதிவு எங்கோ கிடந்தது. ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து, பழைய வழக்கைத் தோண்டிய விசாரணையாளர் கையில் அது கிடைத்தது. 2005இல் கைது, 2006இல் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு. காலாவதி என்ற சட்டப் பிரச்சினையில் அது ஒரு முறை ரத்தாகி, மேல்முறையீட்டில் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டு, 2009இல்தான் ஆயுள் தண்டனை விழுந்தது. யாரும் அறையில் அழவில்லை. ஒரு பெயர், ஒரு தேதி, தேடியவரின் அடையாளம், அவ்வளவுதான்.

பணம் இன்னொரு வழி. நம் ஊழல் தடுப்புச் சட்டத்தில், ஒருவரின் வருமானத்துக்குப் பொருந்தாத சொத்தை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கி, ஜாகுவார் காரில் அலுவலகம் போய் வந்தார், அப்படியும் 1994வரை பிடிபடவில்லை என்பது வேறு கதை. உங்கள் இன்ஸ்பெக்டரின் மகள் மருத்துவமனையில் இருந்தாள் என்றால் அந்தக் கட்டணம் எப்படி, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பது ரசீதில் இருக்கும். ஒவ்வொரு சோதனை தோற்ற மறுவாரமும் ஒரு தொகை ரொக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டியிருந்தால், அந்தக் கண்ணீரைவிட அது என்னை அதிகம் நம்பவைத்திருக்கும்.

கடைசியாக, துப்பறிவாளர் மேல் வழக்கு வராதா என்ற உங்கள் கேள்வி. வரலாம், அதுவும் இரண்டு பக்கமிருந்து. தனியார் துப்பறிவாளருக்கு இங்கே உரிமம் வேண்டும், அதைக் கொடுப்பதும் பறிப்பதும் போலிஸ்தான், ஆனால் அது சின்ன விஷயம். போலிஸ் அதிகாரிகளிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து, அவர்கள் அதை நம்பி நடவடிக்கை எடுக்கும்படி செய்வது தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் குற்றம். தலைமை அதிகாரி சொல்லித்தான் செய்தேன் என்று அவர் தப்பிக்கப் பார்க்கலாம். அப்போது மாட்டுவது அந்தத் தலைமை அதிகாரி. நடந்துகொண்டிருக்கும் விசாரணையில் கும்பலின் மூன்று முகவரிகளை, அதிகாரபூர்வ வேலை எதுவும் இல்லாத ஒரு வெளியாளிடம் சொன்னவர் அவர்தானே? அதிகாரத்துவ ரகசியச் சட்டம் நோக்கத்தைப் பார்த்து விலக்கு கொடுப்பதில்லை, நண்பரா கும்பலா என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. தெரிந்தே வாங்கிக்கொண்டவர் மேலும் பாயும். அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தால், இன்ஸ்பெக்டர் மேல் உள்ள வழக்கைவிட அவருடைய மேலதிகாரி மேல் உள்ள வழக்குத்தான் நிரூபிக்க எளிது என்று சொல்வேன், ஏனென்றால் அவர் முகவரிகளைக் கொடுத்ததற்குத் துப்பறிவாளரே சாட்சி.